நாளைக் காலை பதினோரு மணிக்கு அவசரம்

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மெட்ரோ தூண்களின் சிமெண்ட் தூசி எதிர்வரிசைக் கடைகளின் மேலெல்லாம் மாவு மாதிரி படிந்துகொண்டிருக்கும் இடத்தில் இருக்கிறது, பொன்மழலை பச்சிளங்குழந்தை உயர்சிகிச்சை மையம். அதன் கண்ணாடியைத் துடைப்பதற்கென்றே ஒரு துறை உண்டு. துறைக்குத் தலைவர் ஒருவர், துணைத் தலைவர்கள் இருவர். துடைக்கிற அம்மா மட்டும் லீவில் இருந்தார். ஆகவே வாசலில் ஆளுயரத்துக்கு எழுதியிருந்த வாசகத்தைக் கொஞ்சம் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் படிக்க வேண்டும்: 'இங்கே எந்தக் குழந்தையும் வலியில் அழுவதில்லை.'

கார்த்திகேசன் அதை முதல் நாளே நம்பவில்லை. நம்பாமல் இருப்பதற்குத்தான் அவனுக்குச் சம்பளம். ஆவடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் வாசலில், ஷிப்ட் முடிந்து வெளியே போகிறவர்களின் டிபன் பாக்ஸைத் திறந்து பார்ப்பது அவன் வேலை. மிச்சம் வைத்த புளியோதரைக்கு அடியில் பித்தளை நட்டு போகிறதா, காலி மோர் பாட்டிலுக்குள் பேரிங் போகிறதா என்று பார்ப்பான். இத்தனை வருடத்தில் ஒரு திருகாணிகூட அகப்பட்டதில்லை. அகப்படாததுதான் அவன் சந்தேகத்தை வளர்த்தது. இத்தனை பேரும் யோக்கியமாக இருக்க முடியாது என்பது அவன் முடிவு.

அப்படிப்பட்டவனுக்கு ஏழாம் மாதத்திலேயே பிள்ளை பிறந்துவிட்டது. இரண்டு அரை லிட்டர் பால் பாக்கெட்டைச் சேர்த்துத் தூக்கினால் வருகிற கனத்தைவிடக் கொஞ்சம் குறைவு. பிறந்தவுடன் மூச்சு வரவில்லை. ஓடிவந்து தொண்டை வழியாகக் குழாயை விட்டார்கள். அது நிஜமான அவசரம். யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஆனால் பிரசவ மேசையில் படுத்திருந்த தீபிகா பார்த்துவிட்டாள். குழந்தையின் உடம்பு வில்லாக வளைந்ததையும், விரல்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக விறைத்ததையும் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தாலும் கையால் தொண்டையைப் பிடித்துக்கொள்கிறாள்.

சில வாரம் போனது. பையன் கொஞ்சம் தேறினான். ஒரு நாள் மத்தியானம் ஜெயசீலி சிஸ்டர் வெளியே வந்து கார்த்திகேசனைக் கூப்பிட்டார்.

"சார், தம்பி வளர்ந்துட்டான். குழாய் சின்னதாப் போச்சு, ஓரத்துல காத்து கசியுது. ஒரு சைஸ் பெருசா மாத்தணும். நாளைக்குக் காலையில பதினோரு மணிக்கு எமர்ஜென்சி."

"எமர்ஜென்சி நாளைக்கா?"

"ஆமா சார். இன்னிக்கு டாக்டருங்க எல்லாம் வேற வேலையா இருக்காங்க."

பக்கத்தில் நின்ற விக்ரம், தீபிகாவின் தம்பி. மண்ணூர்பேட்டையில் ஆட்டோ ஓட்டுகிறவன். "இன்னா சிஸ்டர், அவசரம் அப்பாயின்ட்மென்ட் வாங்கிகினு வருதா?" என்றான்.

ஜெயசீலி சிரிக்கவில்லை. சிரிப்பதற்கு அந்த மாடியில் அனுமதி உண்டா என்று யோசிக்கிறவர் போலச் சுற்றிலும் பார்த்தார்.

"எனுக்கு வயித்துல கேமரா வுட்டாங்கோ மாமா, போன வருசம்" என்றான் விக்ரம், கார்த்திகேசனிடம். "ஊசி ஒண்ணு போட்டாங்கோ, அவ்ளோதான். முயிச்சுப் பாத்தா எல்லாம் முடிஞ்சு கீது. எருமமாடு கணக்கா கீறேன், எனுக்கே தூங்க வெச்சு வுட்டாங்கோ. இவன் கையில புடிச்சா நழுவறான். இவனுக்கு இன்னா போடுவாங்கோன்னு கேளு."

கார்த்திகேசன் கேட்டான். சிஸ்டர் முகவாயால் சுவரைக் காட்டினார். அங்கே தேக்குச் சட்டத்துக்குள் 'வலியில்லா நுழைவுக் கொள்கை' தொங்கியது. குழாய் விடுவதற்கு முன்னால் குழந்தைக்கு வலி தெரியாமல் இருக்க ஒரு மருந்து, இதயத் துடிப்பு சரியாமல் இருக்க ஒரு மருந்து, உடம்பு தளர்ந்து கொடுக்க ஒரு மருந்து. படிக்கவே சுகமாக இருந்தது. கார்த்திகேசன் பழக்கதோஷத்தில் சட்டத்தின் அடிப்பக்கம் குனிந்து பார்த்தான். எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் ஒரு வரி இருந்தது: 'அவசர காலங்களில் இக்கொள்கை பொருந்தாது.'

"இதுவரைக்கும் எத்தனை குழந்தைக்கு இந்த மருந்து போட்டிருக்கீங்க சிஸ்டர்?"

"நான் வந்ததுலேர்ந்து எல்லாமே அவசரந்தான் சார்."

"ஒண்ணுகூட நிதானமா வந்ததில்லையா?"

"ஒருவாட்டி வந்துச்சு. மேலிடத்துல பார்த்து அவசரமா மாத்திட்டாங்க."

மேலிடம் என்பது ஐந்தாவது மாடி. இயக்குநர் டாக்டர் பாஸ்கரன் இருவரையும் எழுந்து நின்று வரவேற்றார். அவர் அறையில் நாற்காலிகள் மெத்து மெத்தென்று இருந்தன. விக்ரம் ஒருமுறை உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்து பார்த்தான்.

"உங்க கேள்வி அருமையான கேள்வி, மிஸ்டர் கார்த்திகேசன். நாங்களே எங்களைக் கேட்டுக்கிட்ட கேள்வி. பச்சிளங்குழந்தைக்கு வலிக்குமா, வலிக்காதா? இதுக்குன்னே வலிக் குழுன்னு ஒண்ணு அமைச்சோம். வருஷக்கணக்கா உட்கார்ந்து விவாதிச்சாங்க. உட்கார்ந்ததுல குழுவுல இருந்த அத்தனை பேருக்கும் இடுப்பு வலி வந்துடுச்சு. அன்னிக்கு மத்தியானமே நாற்காலியெல்லாம் மாத்தினோம். வலின்னு வந்துட்டா இந்த நிறுவனம் ஒரு நிமிஷம் தாமதிக்காது. உங்க மைத்துனர் உட்கார்ந்திருக்கறது அந்த நாற்காலிதான்."

"குழந்தைங்களுக்கு டாக்டர்?"

"அதுல ஒருமித்த கருத்து வரல. குழு உறுப்பினர்கள் வலிக்குதுன்னு வாய்விட்டுச் சொன்னாங்க. குழந்தைங்க தரப்புலேர்ந்து இதுவரைக்கும் முறையா எந்தத் தகவலும் வரல." அவர் எழுந்து போய்ச் சுவரிலிருந்த ஒலிபெருக்கியைத் திருப்பிவிட்டார். கீழே தீவிர சிகிச்சைப் பிரிவில் நடப்பதெல்லாம் அதில் கேட்குமாம். "கேளுங்க. வார்டு முழுக்கக் குழந்தைங்க. ஏதாவது அழுகைச் சத்தம் வருதா?"

இயந்திரங்கள் டிக் டிக்கென்றன. அழுகை வரவில்லை.

"தொண்டைக்குள்ள பைப்ப சொருவிட்டா எவன் சார் அழுவான்?" என்றான் விக்ரம். "குரல் வர்ற வழியிலதான பைப்பு குந்திகினு கீது. என்னிய அப்டி பண்ணா நானுந்தான் சத்தம் போட மாட்டேன்."

இயக்குநர் அவனைப் பெருமையோடு பார்த்தார். "அதைத்தான் வாசல்ல எழுதி வெச்சிருக்கோம், தம்பி."

பிறகு கார்த்திகேசன் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "மருந்துன்னா விளையாட்டில்லை. இவ்வளவு சின்ன உடம்புக்கு அளவு துல்லியமா இருக்கணும். கை தேர்ந்த டாக்டர் ரெண்டு பேர் பக்கத்துல நிக்கணும். அந்த மருந்து அலமாரிக்கு ரெண்டு சாவி. ஒண்ணு என்கிட்ட, இன்னொண்ணு நிர்வாக அதிகாரிகிட்ட. வலிக் குழுவுல நாற்காலிக்கு என்ன நிறம்னு ஒரு பிரச்சினை வந்து, அவரும் நானும் இப்ப பேசறதில்லை. இதையெல்லாம் கூட்டி ஏற்பாடு பண்ண அவகாசம் வேணும். அவசரத்துல ஏது அவகாசம்?"

"அவசரம் நாளைக்குத்தானே டாக்டர். இன்னைக்குப் பொழுது முழுசா இருக்கே."

"அதைத்தான் சொல்றேன். நாளைக்கு நேரம் இருக்காது."

கார்த்திகேசனுக்கு ஒரு டிபன் பாக்ஸை மூடியோடு கையில் கொடுத்துவிட்டு, திறக்கக் கூடாது என்று சொன்னது போல இருந்தது. கீழே இறங்கினான்.

மூன்றாவது மாடி நடைபாதையில் ஒரு கண்ணாடி அறை. உள்ளே விளக்கைத் தணித்திருந்தார்கள். ஒருவரும் உரக்கப் பேசவில்லை. இரண்டு டாக்டர்கள் ஆயத்தமாக நின்றார்கள். இயக்குநரே வேறு படி வழியாக வந்து ஒரு சாவியைப் போட, நிர்வாக அதிகாரி முகத்தைத் திருப்பிக்கொண்டு மறு சாவியைப் போட, அலமாரி திறந்தது. ஒரு நர்ஸ் கையைச் சூடு பறக்கத் தேய்த்து, அந்த வெதுவெதுப்போடு சின்ன மார்பைத் தொட்டார். "ஒண்ணுமில்லடா கண்ணா, எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்றார். மருந்து போட்டார்கள். மருந்து வேலை செய்யட்டும் என்று எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு பொறுத்தார்கள். அதன்பிறகுதான் குழாய். பூ மாதிரி இறங்கியது.

கார்த்திகேசனுக்குக் கண் கலங்கிவிட்டது. "யார் பெத்த பிள்ளையோ, கொடுத்து வெச்ச பிள்ளை" என்றான்.

"மாமா, அது காலப் பாரு" என்றான் விக்ரம்.

பாதத்தில் தயாரிப்பு எண் அச்சிட்டிருந்தது.

அறையிலிருந்து வெளியே வந்தவர் தர அதிகாரி சிம்ரன். அம்பத்தூரில் பிறந்து வளர்ந்தவர். கழுத்தில் அடையாள அட்டை மட்டும் மூன்று தொங்கின. "அது எங்க பயிற்சிப் பொம்மை சார், செல்வன் ஆரோக்கியம். நாளைக்குத் தரச்சான்று ஆய்வாளர் வர்றாரு. அதுக்குத்தான் ஒத்திகை."

"நாளைக்கு எத்தனை மணிக்கு?"

"பதினோரு மணிக்கு."

"என் பையனுக்கும் அப்பத்தான்."

"பிரச்சினையே இல்ல சார். டாக்டருங்க ரெண்டு குழுவாப் பிரிஞ்சிடுவாங்க. அனுபவம் உள்ளவங்க பொம்மைக்கு."

கார்த்திகேசன் கண்ணாடிக்குள் கிடந்த காலி ஊசிகளைக் காட்டினான். "போட்ட மருந்து நிஜ மருந்தா?"

"ஆமா சார். தேதி முடியறதுக்குள்ள யாருக்காவது போட்டாகணுமே."

"பொம்மைக்கு வலிக்குமா மேடம்?"

"வலிக்கவே விட்டதில்ல" என்றார் சிம்ரன், மனம் நெகிழ்ந்து. "வலியில்லா நுழைவு நூறு சதவீதம். இந்த ஏரியாவுலயே நாங்க மட்டுந்தான்."

"நிஜக் குழந்தைங்க?"

"அவங்க அவசரத்துல போயிடுவாங்க சார். சதவீதத்துல வரமாட்டாங்க."

ஒத்திகை நன்றாக நடந்த சந்தோஷத்தில் அத்தனை பேரும் கேண்டீனுக்குப் பஜ்ஜி சாப்பிடப் போனார்கள். செல்வன் ஆரோக்கியம் வாயைத் திறந்தபடி மேசைமேல் தனியாகக் கிடந்தான். கதவுக்குப் பூட்டு இருந்தது; அதைப் பூட்டுவது எந்தத் துறையின் பொறுப்பு என்பது பரிசீலனையில் இருந்தது.

தீபிகாவுக்குக் கேண்டீனில் சாப்பாடு வாங்குகிற பை கார்த்திகேசன் கையில் இருந்தது. அவன் பையிலிருந்த அடுக்குக் கேரியரை எடுத்து விக்ரமிடம் நீட்டினான். "இதைப் பிடி."

விக்ரம் கேரியரைப் பார்த்தான், காலிப் பையைப் பார்த்தான், கண்ணாடி அறையைப் பார்த்தான். "மாமா, நீ புடிக்கறவன். எப்பலேர்ந்து தூக்கறவனான?"

"பேசாம நில்லு."

முழங்காலைக் கொஞ்சம் மடக்கியதும் செல்வன் ஆரோக்கியம் பைக்குள் அளவெடுத்தது போல உட்கார்ந்தான். மேலே ஒரு துண்டு. இருவரும் படியிறங்கி வாசலுக்கு வந்தார்கள். அங்கே காவலர் ஒரு அம்மாளின் கூடையை நடுத்தெருவில் கொட்டாத குறையாகச் சோதித்து, ஒரு பொட்டலம் எலுமிச்சை சாதத்தைப் பறிமுதல் செய்துகொண்டிருந்தார். வெளிச் சாப்பாடு உள்ளே வரக் கூடாது.

"சாப்பாடு உள்ள எடுத்துட்டுப் போறீங்களா?" என்றார் கார்த்திகேசனிடம்.

"இல்ல. வெளியே போறோம்."

"வெளியன்னா போங்க."

கார்த்திகேசன் இரண்டடி நடந்தான். நின்றான். அவனால் தாங்க முடியவில்லை. திரும்பி வந்தான்.

"பையைத் திறந்து பார்க்க மாட்டீங்களா?"

"எதுக்கு சார்?"

"வெளிய போற பையைத்தான் பார்க்கணும். உள்ள வர்றதுல என்ன இருக்கு? ஒரு வாசல்னா என்ன அர்த்தம்? நீங்கபாட்டுக்கு யாரை வேணாலும் நம்பிடுவீங்களா?"

காவலர் புண்பட்டுப் போனார். "உங்களைப் பார்த்தா அப்படித் தெரியல சார்."

"பார்த்தா தெரியுமா? பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டீங்களா? நான் ஒண்ணு கேட்கட்டுமா..."

விக்ரம் அவனைச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துப்போய் ஆட்டோவில் தள்ளினான். "அறிவு கீதா மாமா உனுக்கு? திருடிகினு போறப்ப டூட்டி பாக்கற." அன்றைக்கு செல்வன் ஆரோக்கியம் மண்ணூர்பேட்டையில் விக்ரம் வீட்டு அரிசி டிரம்மில் படுத்தான்.

சாயங்காலம் தீபிகா கேட்டாள். "நாளைக்கு அவனுக்கு மருந்து போடுவாங்களாங்க?"

"போடுவாங்க."

"நம்பலாமா?"

இந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவனிடம் கேட்டதில்லை. அவன் மற்றவர்களைக் கேட்டுத்தான் பழக்கம். "பார்ப்போம்" என்று மட்டும் சொன்னான். பொம்மை இல்லையென்றால் ஆய்வைத் தள்ளிப்போடுவார்களா, வேறு பொம்மை வாங்குவார்களா, பொம்மை இல்லாத கோபத்தில் பிள்ளையின் அவசரத்தை முன்கூட்டியே நடத்திவிடுவார்களா? இந்த மருத்துவமனையைப் பற்றி மூன்றையும் நம்பலாம் போலிருந்தது.

மறுநாள் காலையில் பொன்மழலையின் நிர்வாகம் முதன்முறையாக நிஜமான அவசரத்தைக் கண்டது. சிம்ரன் மூன்று அட்டைகளும் முதுகுப் பக்கம் பறக்க ஓடினார். கட்டிலுக்கு அடியில் தேடினார்கள். துணி வெளுக்கும் அறையில் தேடினார்கள். காவலரைக் கூப்பிட்டு விசாரித்ததற்கு, "உள்ள ஒரு இட்லிகூட விடல மேடம்" என்று கண்ணீரோடு சத்தியம் செய்தார். இயக்குநரும் நிர்வாக அதிகாரியும் கவலை மிகுதியில் ஒருவரோடொருவர் பேசிவிட்டார்கள்.

"பொம்மை இல்லாம வலியை எப்படித் தடுக்கறது?" என்று இயக்குநர் தழுதழுத்தார். அப்போதுதான் அவர் கண், நடைபாதை பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த கார்த்திகேசன் மேல் விழுந்தது. அருகில் வந்து தோளில் கை வைத்தார்.

"மிஸ்டர் கார்த்திகேசன், நிறுவனத்துக்காக ஒரு சின்ன உதவி. உங்க குழந்தையோட அவசரத்தைக் கொஞ்சம் நிறுத்தி வெச்சுக்கலாமா? இன்னிக்கு மட்டும் செல்வன் ஆரோக்கியம் இடத்துல அவன் இருக்கட்டும்."

"அவசரத்தை நிறுத்தினா குழந்தைக்கு ஆபத்தில்லையா டாக்டர்?"

"ஒரு ஆபத்தும் இல்ல."

"அப்ப அது அவசரமே இல்லையே."

"அவசரந்தான். நிதானமான அவசரம்."

கார்த்திகேசன் யோசிப்பது போல முகத்தை வைத்துக்கொண்டான். "மருந்தெல்லாம் போடுவீங்களா?"

"என்ன கேள்வி இது? பொம்மைக்குப் போடாம இருந்திருக்கோமா?"

"ரெண்டு சாவி?"

"ரெண்டு சாவி."

"அனுபவம் உள்ளவங்க?"

"அனுபவம் உள்ளவங்கதான். பொம்மையாச்சே."

"ஒத்துக்கோ மாமா" என்றான் விக்ரம், பெரிய தியாகத்துக்கு மனசைத் தேற்றுகிறவன் போல. "பாவம், பெரிய மனுசங்க கேக்கறாங்கோ."

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. செயல்விளக்கம் பொம்மையில்தான் செய்ய வேண்டும் என்பது விதி. உயிருள்ள குழந்தைக்கு இவ்வளவு கவனமாகச் செய்து காட்டினால் ஆய்வாளருக்குச் சந்தேகம் வந்துவிடும். ஆகவே சிம்ரன் குழந்தையின் பாதத்தில் மார்க்கர் பேனாவால் தயாரிப்பு எண்ணை எழுதினார்.

ஆய்வாளர் சபாரி உடையில் வந்தார். வாசல் வாசகத்தைப் பாராட்டினார். நாற்காலிகளைப் பாராட்டினார். கண்ணாடி அறைக்கு வெளியே அவர், இயக்குநர், அவர்களுக்குப் பின்னால் கார்த்திகேசன், தீபிகா, விக்ரம். ஜெயசீலி சிஸ்டர் உள்ளே.

விளக்கு தணிந்தது. இரண்டு சாவிகள் திரும்பின. ஜெயசீலி கையைத் தேய்த்துச் சூடாக்கி மார்பில் வைத்தார். அவர் ஏதோ சொன்னார். கண்ணாடிக்கு வெளியே கேட்கவில்லை. மருந்து ஒன்று, இரண்டு, மூன்று. எல்லாரும் பொறுத்தார்கள். தீபிகா கண்ணை மூடிக்கொண்டாள். கார்த்திகேசன் மூடவில்லை. திரையில் ஓடிய துடிப்பின் எண்ணை, மூடி திறந்த பாத்திரத்தைப் பார்ப்பது போல, இமைக்காமல் பார்த்தான். எப்போது விழும் என்று சந்தேகத்தோடு பார்த்தான். பழைய குழாய் வந்தது. புதுக் குழாய் போனது. எண் விழவில்லை. உடம்பு வளையவில்லை. மூடியிருந்த சின்னக் கை, தூக்கத்தில் பிடி நழுவுவது போல, மெல்ல விரிந்து கிடந்தது.

"பாரு தீபா" என்றான். அவள் பார்த்தாள்.

ஆய்வாளர் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டிருந்தார். "பிரமாதமான பொம்மை. மூச்சு விடற மாதிரியே இருக்கே. எங்க வாங்கினீங்க?"

"இறக்குமதி சார்" என்றார் இயக்குநர்.

"ஆவடித் தயாரிப்பு சார்" என்றான் விக்ரம், பின்னாலிருந்து.

ஆய்வாளர் சான்றளித்தார். ஒரே ஒரு குறை சொன்னார்: கடைசியில் பொம்மையின் கட்டைவிரல் தானாக அசைந்தது, அது இயந்திரக் கோளாறு, சரிபார்க்க வேண்டும். சரிபார்ப்பதாக இயக்குநர் வாக்களித்தார்.

பொம்மை கிடைக்கிற வரையில் நூறு சதவீதம் குறையாமல் இருக்க வேண்டுமே. வேறு வழியில்லாமல் அவசரங்களை ஒவ்வொன்றாக நிதானமாக்கினார்கள். செய்தி நடைபாதையில் பரவியது. "மேடம், எம் பொண்ணையும் பொம்மையாப் போட்டுக்கங்க" என்று மாங்காட்டிலிருந்து வந்த ஒருவர் சிம்ரன் பின்னாலேயே நடந்தார். பொம்மையாவதற்குச் சிபாரிசு கேட்டு இரண்டு பேர் ஐந்தாவது மாடிக்கே போனார்கள்.

பிறகு ஒரு நாள் காலை, இனி தானே மூச்சு விடுவான் என்று பையனின் குழாயை எடுத்துவிட்டார்கள். வார்டில் அதுவரை கேட்டிராத ஒரு சத்தம் எழுந்தது. நனைந்த பூனைக்குட்டி கோபித்துக்கொண்ட மாதிரி, கம்மலாக, விட்டு விட்டு. நர்ஸுகள் வேலையை நிறுத்தினார்கள். ஐந்தாவது மாடி ஒலிபெருக்கியில் கேட்டு, இயக்குநர் லிப்டுக்குக் காத்திராமல் படியில் இறங்கி வந்தார்.

பையன் மார்க்கர் அழியாத காலை உதைத்துக்கொண்டு அழுதான். தீபிகா சிரித்துக்கொண்டே அழுதாள்.

"இவ்வளவு செஞ்சும்" என்றார் இயக்குநர், மிகவும் வருத்தத்தோடு.

சிம்ரன் கார்த்திகேசனைத் தனியே அழைத்தார். "தப்பா நினைக்காதீங்க சார். இதைப் புகாராத்தான் பதியணும். ஒரு நோயாளி நேர்ல குடுத்த புகார் எங்க வார்டுல இதுதான் முதல்." பிறகு ஆறுதலாக ஒரு வார்த்தை சேர்த்தார். "இனிமே இந்தத் தொந்தரவெல்லாம் யாருக்கும் இருக்காது சார். அடுத்த வாரம் புதுப் பொம்மை வருது. எல்லாம் பழையபடி ஆயிடும்."

கார்த்திகேசன் திரும்பிப் பார்த்தான். நடைபாதையில், பொம்மையாகக் காத்திருக்கும் பிள்ளைகளின் தகப்பன்மார் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தீபிகா பாட்டிலைத் தூக்கி ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். அவள் கை தொண்டைக்குப் போகவில்லை. அவள் காலடியில் சாப்பாட்டுப் பை இருந்தது.

"அதே சைஸ்தானே மேடம்?" என்று கேட்டான் கார்த்திகேசன்.